எட்டாம் வகுப்பு விஞ்ஞானி

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கும் அம்மாவிடம், "அதுல இருந்து வர்ற வாயு கண்ணீரோட சேர்ந்து அமிலமாகுது, அதான் எரியுது" என்று விளக்கிவிட்டு, ஒரு சின்ன வெங்காயத்தைக்கூட உரித்துக் கொடுக்காமல் போகிறவன். ஃபிரிட்ஜ் கதவை மூடினால் உள்ளே லைட்டு அணைகிறதா என்று பார்க்க அப்பாவின் போனை உள்ளே வைத்து வீடியோ எடுத்தவன். பெல் அடித்து, வகுப்பே பையைத் தோளில் மாட்டிய பிறகு "சார், ஒரு டவுட்டு" என்று கை தூக்குகிறவன். எட்டாம் வகுப்பு விஞ்ஞானி உங்கள் வீட்டில் இல்லாவிட்டால் எதிர் வீட்டில் இருப்பான்.

இதையெல்லாம்கூடச் சகித்துக்கொள்ளலாம். அவன் கல் பொறுக்குவதைத்தான் பொறுக்க முடியவில்லை.

பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்து விஞ்ஞானிகளுக்கே உள்ள வியாதி இது. (பொதுவாகத்தான் சொல்கிறேன். அரும்பாவூரில் இருக்கும் என் அக்கா மகனை மனதில் வைத்து எழுதுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவன் இப்போது ஒன்பதாம் வகுப்பு.) மற்ற ஊர்ப் பிள்ளைகள் தீப்பெட்டிப் படம், கிரிக்கெட் அட்டை என்று சேர்த்து ஒரு வருஷத்தில் தெளிந்துவிடுகிறார்கள். இவன் ஃபாசில் சேர்க்கிறான். அதாவது, கையில் கிடைக்கும் கல்லையெல்லாம் சேர்த்து அதற்கு ஃபாசில் என்று பெயர் வைக்கிறான்.

ஜியாமெட்ரி பாக்ஸைத் திறந்தால் காம்பஸ் இருக்காது, நாலு கல் இருக்கும். டிபன் பாக்ஸின் மேல் தட்டில் இரண்டு. யூனிபார்ம் பேன்ட்டின் பையில் இருந்த ஒன்று வாஷிங் மெஷினுக்குள் போய், கடகடவென்று உருண்ட சத்தத்தில் அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கே ஓடிவிட்டாள். மெக்கானிக் வந்து எடுத்துக் கொடுத்த கல்லை வாங்கி, விளக்கில் காட்டி, "நல்லவேளை, உடையல" என்றான். மெஷினைச் சொல்லவில்லை.

ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு விளக்கம் உண்டு. கோடு இருந்தால் நத்தை. குழி இருந்தால் பல். உருண்டையாக இருந்தால் கேட்கவே வேண்டாம், முட்டை. ஒன்றுமே இல்லாமல் மொழுமொழுவென்று இருந்தால், "உள்ள இருக்கும் மாமா, வெளிய தெரியாது."

முட்டைப் பைத்தியத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 2020-இல் குன்னம் பக்கம் மண் எடுத்த இடத்தில் பெரிய பெரிய கல் உருண்டைகள் கிடைத்தன. டைனோசர் முட்டை என்று வாட்ஸ்அப்பில் செய்தி பறந்து, ஜனம் திரண்டு போய்ச் செல்ஃபி எடுத்தது. முட்டை இல்லை, பழங்காலக் கடல் படிவு என்று விவரம் தெரிந்தவர்கள் வந்து சொல்வதற்குள் பாதித் தமிழ்நாடு நம்பிவிட்டது. விஞ்ஞானிக்கு அப்போது பால் பல்லே முழுசாக விழவில்லை. ஆனால் அந்த வீடியோ இன்னும் அவனிடம் இருக்கிறது. அதற்கு மறுப்பு வந்த செய்திதான் எப்படியோ டெலிட் ஆகிவிட்டது.

பையனை முழுக்கக் குறை சொல்லவும் முடியாது. டைனோசர்கள் நடமாடிய காலத்தில் இந்த மாவட்டங்களின் ஒரு பகுதி கடலுக்கு அடியில்தான் கிடந்தது. காரை கிராமத்துப் பொட்டலில் அம்மோனைட் கிடைக்கிறது. சுருட்டி வைத்த ஆட்டுக்கொம்பு மாதிரி ஓடு உள்ள கடல் பிராணி அது. டைனோசரோடு சேர்ந்து 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பூண்டோடு போய்விட்டது. சாத்தனூரில் ஓர் அடிமரம் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகப் படுத்திருக்கிறது. வயசு சுமார் 12 கோடி ஆண்டு. ஆற்று வெள்ளம் அடித்துக்கொண்டு வந்து கடலோரம் தள்ளிய மரம், வண்டலில் புதைந்து, மரச்சத்து இருந்த இடத்தில் சிலிக்கா ஏறிக் கல்லாகிவிட்டது. 1940-இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் எம்.எஸ். கிருஷ்ணன் அதைக் கண்டு வெளியே சொன்னார். இப்போது அது தேசியப் புவியியல் நினைவுச் சின்னம்.

இவ்வளவும் இருப்பது பெரம்பலூர் மாவட்டத்தின் கிழக்கே. அரும்பாவூர் இருப்பதோ வடமேற்கே, பச்சைமலை அடிவாரத்தில். அங்கே உள்ள பாறை பூமிக்கு அடியில் வெந்து, நசுங்கி, உருமாறிய பாறை. டைனோசருக்குப் பல தலைமுறை மூத்தது. அதில் நத்தையும் கிடையாது, முட்டையும் கிடையாது. ஒரு நாள் பொறுமை போய் இதை அவனிடம் சொல்லிவிட்டேன். கல் ஆசையில் மண் விழும் என்று நினைத்தேன்.

"அப்ப இது ஃபாசிலைவிடப் பழசா மாமா?"

"ஆமாடா."

அன்று சாயங்காலம் இன்னொரு சாக்கு வாங்கிக்கொண்டான்.

ஊரில் மரச்சிற்பப் பட்டறைகள் இருக்கின்றன. அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தேருக்கும் வாகனத்துக்கும் சாமி சிலைக்கும் வெளியூரிலிருந்து ஆர்டர் வரும். விஞ்ஞானி அங்கேயும் போவான். வாகை மரத்தில் பிள்ளையாரின் தும்பிக்கையைச் செதுக்கிக்கொண்டிருந்த பெரியவரிடம், "தாத்தா, இதை ஏரி மண்ணுல புதைச்சு வச்சா எத்தனை வருஷத்துல கல்லாகும்?" என்று கேட்டான். பெரியவர் உளியை நிறுத்தவில்லை. "ஆர்டர் குடுத்தவரு ஞாயித்துக்கிழமை வர்றாரு தம்பி" என்றார்.

பள்ளிக்கூடத்தில் இந்த அளவுக்குக்கூடப் பதில் கிடைப்பதில்லை. கல்லைத் தூக்கிக்கொண்டு அறிவியல் சாரிடம் போனால், "பாறை எல்லாம் சோசியல்ல வருது, மிஸ்கிட்ட கேளு" என்கிறார். உண்மைதான், பாறையும் மண்ணும் சமூக அறிவியல் புத்தகத்தில், புவியியலில் வருகிறது. மிஸ்ஸிடம் போனால், "ஃபாசில்னா உயிரினம்தானே? சயின்ஸ் சாரைக் கேளு." கல் நடுவில் வராந்தாவில் நிற்கிறது. பரீட்சையில் படிவுப் பாறை பற்றி 2 மார்க் கேள்வி வந்தபோது பையன் ஒன்றரைப் பக்கம் எழுதி, அம்மோனைட் படமும் வரைந்து, பாகமும் குறித்திருக்கிறான். 5 மார்க் கேள்விக்கு நேரமில்லை. 2-க்கு 1 போட்டு, சிவப்பு மையில் 'தேவையில்லாததை எழுதாதே' என்று இருந்தது.

எனக்குச் சிரிப்பு நின்ற இடம் இதுதான். இவனுடைய அறிவியல் நோட்டைப் புரட்டினேன். லிட்மஸ் தாள் நிறம் மாறுவது கலர் பென்சிலில் இருக்கிறது. நீலத் தாளை இவன் தொட்டதில்லை. "லேப் இருக்குடா?" என்றால் "இருக்கு மாமா, பூட்டியிருக்கு" என்கிறான். பாடப்புத்தகத்தில் க்யூ.ஆர். கோடு இருக்கிறதாம், போனில் தட்டினால் சோதனை வீடியோ ஓடுமாம். ஒரு டெஸ்ட் டியூப் உடைந்தால் கணக்குக் காட்ட வேண்டுமே என்று பயந்து அலமாரியைப் பூட்டி வைத்திருக்கும் பள்ளிகள் எத்தனையோ. அந்த அலமாரிகளுக்குள் இருப்பவையும் இன்னும் கொஞ்ச நாளில் ஃபாசில்தான். கேள்வி கேட்கிறவனைத் தொல்லை என்கிறோம், நானும் மேலே அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். தொட்டுப் பார்க்க ஒன்றும் கொடுக்காததால் தெருவில் கிடப்பதைத் தொடுகிறான்.

சுற்றுலாவுக்கு எங்கே கூட்டிப் போனார்கள் என்று கேட்டேன். கல்லணை, முக்கொம்பு, அப்புறம் தண்ணீரில் சறுக்கி விளையாடும் ஒரு தீம் பார்க். கல்லணை சரி, பார்க்க வேண்டியது. தீம் பார்க்குக்குத் தலைக்கு எவ்வளவு என்று சொன்னான். நான் இங்கே எழுதவில்லை. சொந்த மாவட்டத்தில் 12 கோடி ஆண்டு மரம் படுத்திருக்கிறது, இவன் அதைப் போனில்தான் பார்த்திருக்கிறான்.

ஆகவே தலைமையாசிரியர்களே, ஒரு வேண்டுகோள். அரும்பாவூரிலிருந்து பெரம்பலூர் வழியாகச் சாத்தனூர் போக ஒரு பஸ் பிடியுங்கள். காலையில் கட்டுச்சோற்றோடு கிளம்பினால் காரையையும் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம். அறிவியல் சாரும் சோசியல் மிஸ்ஸும் ஒரே பஸ்ஸில் வரட்டும். அங்கே உள்ள எதையும் எடுக்கக் கூடாது, அது நாட்டுச் சொத்து என்று பிள்ளைகளிடம் கண்டித்துச் சொல்லுங்கள். சொன்னாலும் விஞ்ஞானி கேட்க மாட்டான். இறங்கும்போது பையையும், முக்கியமாக டிபன் பாக்ஸையும், திறந்து பார்த்த பிறகு வீட்டுக்கு அனுப்புங்கள்.