வழி தெரியாதவன் வரி

லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தை நடத்துகிறவர்களுக்கு மனித உடம்பைப் பற்றி மருத்துவர்களைவிட நன்றாகத் தெரியும். சென்னையிலிருந்து நேர் விமானத்தில் வந்தாலும் பத்து மணி நேரத்துக்கு மேல் முட்டியை மடக்கி உட்கார்ந்திருக்க வேண்டும். கால் வீங்கியிருக்கும், காது அடைத்திருக்கும். மகளின் பேறுகாலத்துக்கு வந்திருக்கும் அம்மாவாக இருந்தால், பெட்டிக்குள் பருப்புப் பொடியும் பிரசவ லேகியமும் உடையாமல் வந்து சேர்ந்தனவா என்ற கவலை வேறு. சுங்கத்தைத் தாண்டிக் கதவு திறந்து வெளியே வருகிற அந்த நிமிடத்தில் ஒருவருக்கு யோசிக்கவும் திராணி கிடையாது, பேரம் பேசவும் வாய் வராது. யார் எந்தப் பக்கம் கையைக் காட்டினாலும் அந்தப் பக்கம் போவார். அந்த ஒரு நிமிடத்தை நம்பித்தான் அங்கே ஒரு ரயிலே ஓடுகிறது.

அந்த ரயிலுக்கு வருவதற்கு முன் வரிசை ஒன்று இருக்கிறது. கடவுச்சீட்டை வைத்தால் தானாகத் திறக்கும் மின்கதவுகள் சில நாட்டுக்காரர்களுக்கு மட்டும்தான். அமெரிக்கா, ஆஸ்திரேலியா, ஜப்பான், ஐரோப்பிய ஒன்றியம் என்று நீளும் அந்தப் பட்டியலில் சிங்கப்பூர் உண்டு. மலேசியா, இந்தியா, இலங்கை கிடையாது. ஆகவே சிராங்கூன் சாலைத் தமிழர் கதவைத் தொட்டதும் உள்ளே போய்விடுவார். கிள்ளான் தமிழரும் யாழ்ப்பாணத் தமிழரும் காரைக்குடித் தமிழரும் பாம்பு போல வளைந்த கயிற்று வேலிக்குள் நகர்ந்து நகர்ந்து, “எங்கே தங்கப் போகிறீர்கள்? யார் செலவு?” என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். எத்தனையோ தாள்களைக் கொடுத்து, மறுத்தால் திரும்பி வராத பணத்தைக் கட்டி, விசா வாங்கி வந்த யாழ்ப்பாணத்தாரிடமும் காரைக்குடிக்காரரிடமும்கூட இந்த விசாரணை. சரி, எந்த நாடும் தன் வாசலில் கேள்வி கேட்கும். கேட்கட்டும். வாசலைத் தாண்டி உள்ளே விட்ட பிறகு நடப்பதுதான் அநியாயம்.

ஹீத்ரோவிலிருந்து நகரத்தின் நடுப்பகுதிக்குச் சுமார் 24 கிலோமீட்டர். தாம்பரத்திலிருந்து சென்னை சென்ட்ரலுக்குப் போகிற தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் தூரத்துக்கு லண்டனில் ஒரே விலை கிடையாது. 2025 நிலவரப்படி, இரவுப் பேருந்து என்9-இல் ஏறினால் 1 பவுண்டு 75 பென்ஸ். பிக்கடில்லி சுரங்க ரயிலில் 5 பவுண்டு 80 பென்ஸ். எலிசபெத் பாதை ரயிலில் ஏறத்தாழ 14 பவுண்டு. ஹீத்ரோ எக்ஸ்பிரஸில், அன்றைக்கே போய் டிக்கெட் எடுத்தால், 25 பவுண்டுக்குக் குறையாது. பிளாக் கேப் என்கிற கறுப்பு டாக்ஸியில் ஏறி நெரிசலில் மாட்டிக்கொண்டால் 100 பவுண்டைத் தொட்டுவிடும். ஊர் ஒன்று, தூரம் ஒன்று. யாருக்கு எவ்வளவு வழி தெரியாதோ அவர்களுக்கு அவ்வளவு விலை.

இதில் ஹீத்ரோ எக்ஸ்பிரஸின் சாமர்த்தியத்தைத் தனியாகப் பாராட்டியாக வேண்டும். 1998-இல் தொடங்கிய இந்த ரயில் விமான நிலைய நிறுவனத்தின் சொந்தச் சொத்து. லண்டனின் பேடிங்டன் நிலையத்துக்குப் பதினைந்து நிமிடம் என்பது அதன் பெருமை. உண்மைதான், பதினைந்து நிமிடத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். ஆனால் பேடிங்டனுக்கு மேல் ஒரு அடி நகராது. ஈஸ்ட்ஹாமில் அறை எடுத்திருக்கும் மாணவனுக்கும் டூட்டிங்கில் அண்ணன் வீட்டுக்குப் போகிற தம்பிக்கும் பேடிங்டனில் என்ன ஜோலி? அங்கே பெட்டியோடு இறங்கி, இன்னொரு ரயிலைத் தேடி, இன்னொரு முறை பணம் கட்டி ஏற வேண்டும். மிச்சம் பிடித்த பத்துப் பன்னிரண்டு நிமிடமும் நடைமேடை தேடுவதிலேயே கரைந்துவிடும்.

அதே தண்டவாளத்தில் ஓடுவதுதான் எலிசபெத் ரயில். அதே பேடிங்டனில் நின்று, அதற்கு மேலும் பாண்ட் தெரு, டாட்டன்ஹாம் கோர்ட் ரோடு, லிவர்பூல் தெரு என்று நகரத்தின் குறுக்கே போகும். விலையும் ஏறக்குறையப் பாதி. இரண்டாம், மூன்றாம் முனையங்களுக்கான நிலையத்தில் இரண்டு ரயில்களும் ஒரே நடைமேடைக்கு வருகின்றன. இரண்டுக்கும் அடையாள நிறம் ஊதா. வங்கி அட்டையைத் தட்டினால் இரண்டுமே சத்தமில்லாமல் வாங்கிக்கொள்ளும். தூக்கக் கலக்கத்தில் வருகிற ஆளுக்கு எந்த ஊதா எந்த ரயில் என்று எப்படித் தெரியும்? முதலில் வந்த ஊதாவில் ஏறுவார்.

முன்கூட்டியே பதிவு செய்தால் எக்ஸ்பிரஸும் மலிவுதானே என்று அவர்கள் பக்கம் பேசுகிறவர்கள் சொல்வார்கள். இன்ன தேதிக்கு வருவோம் என்று தெரிந்து, அவர்களுடைய இணையதளத்தையும் தெரிந்து, வெளிநாட்டில் செல்லுகிற வங்கி அட்டையும் வைத்திருப்பவருக்கு மலிவு. இது எதுவும் இல்லாதவர் முழு விலை கட்டுவார். நாம் சொல்ல வந்ததைத்தான் அவர்களும் சொல்கிறார்கள்.

எலிசபெத் ரயில் வரப்போகிறது என்றதும் விமான நிலையத்தார் செய்த காரியம் இன்னும் சுவையானது. ஹீத்ரோவுக்குப் போகிற அந்தச் சிறு கிளைப் பாதையை நாங்கள்தான் போட்டோம், சுமார் 100 கோடி பவுண்டு செலவானது, ஆகவே எங்கள் பாதையில் வரும் ஒவ்வொரு ரயிலும் சுமார் 570 பவுண்டு கட்ட வேண்டும் என்று கேட்டார்கள். ரயில்வே ஒழுங்குமுறை அமைப்பு முடியாது என்றது. விடுவார்களா? நீதிமன்றம் போனார்கள். 2017 மே மாதம் உயர் நீதிமன்றமும் கையை விரித்துவிட்டது. ஊர் மக்களின் பணத்தில் வரும் பொது ரயிலை வாசலிலேயே நிறுத்தித் தண்டல் கேட்ட அந்தத் துணிச்சலுக்கு ஒரு பட்டயம் கொடுத்திருக்கலாம்.

இவர்கள் யார்? 1987-இல் தாட்சர் அரசு விற்கும் வரை ஹீத்ரோ பொதுச் சொத்து. 2006-இல் ஸ்பெயின் நாட்டு நிறுவனம் ஒன்றின் தலைமையில் கை மாறியது. இப்போது பங்கு வைத்திருப்பவர்களில் பிரெஞ்சு முதலீட்டு நிறுவனம் உண்டு, கத்தார் அரசின் நிதியம் உண்டு, சவுதி அரேபியாவின் நிதியம் உண்டு, சிங்கப்பூரின் நிதியமும் உண்டு. உலகம் முழுக்கச் சுங்கச்சாவடி போட்டு ஆண்ட சாம்ராஜ்யத்தின் தலைவாசலில் இன்று பிறத்தியார் உட்கார்ந்து தண்டல் வசூலிக்கிறார்கள். இதைப் பார்த்து நமக்குள் ஒரு சின்னச் சிரிப்பு வரலாம். வரட்டும், ஆனால் சிரித்துக்கொண்டே பணம் கட்டுகிற கூட்டத்தில் நாமும்தான் நிற்கிறோம்.

பொதுத்துறை மட்டும் புனிதம் என்று நினைக்க வேண்டாம். பிக்கடில்லி சுரங்க ரயில் 1977-இலிருந்து ஹீத்ரோவுக்கு வருகிறது. ஏழைகளின் வழி. எழுபதுகளின் பெட்டிகளே இன்னும் ஓடுகின்றன. குளிர்சாதனம் கிடையாது, பெட்டியை வைக்கச் சரியான இடம் கிடையாது. லண்டன் சுரங்க ரயில் நிலையங்கள் 272. அவற்றில் படி ஏறாமல் வெளியே வர வசதி இருப்பது மூன்றில் ஒரு பங்குக்குத்தான். பிக்கடில்லி சர்க்கஸில் இறங்கினால் பெட்டியைத் தலையில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான். இத்தனைக்கும் பிறகு, பெருந்தொற்றுக் காலத்தில் காலியான கஜானாவை நிரப்ப வழி தேடிய லண்டன் போக்குவரத்துக் கழகம், 2022 செப்டம்பரில் ஒரு விதி போட்டது. ஹீத்ரோவிலிருந்து நகரின் நடு மண்டலத்துக்குப் போனால் எந்த நேரமும் நெரிசல் நேரக் கட்டணம்தான். ஞாயிற்றுக்கிழமை இரவு பதினோரு மணி, பெட்டியில் நீங்களும் எதிர் இருக்கையில் தூங்கும் ஒருவரும் மட்டும்தான் என்றாலும் நெரிசல் நேரம். விமானத்தில் வந்தவன் எங்கே இருக்கிறானோ அங்கே நெரிசல்.

ரயிலே வேண்டாம், மகன் காரில் வந்து கூட்டிப்போவான் என்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். வரும்போது வாகன நிறுத்தத்துக்குப் பணம். அப்பா அம்மாவைத் திரும்ப வழியனுப்ப வரும்போது, முனையத்தின் முன்னால் காரை நிறுத்திப் பெட்டியை இறக்குவதற்கே 2021 நவம்பரிலிருந்து 5 பவுண்டு, 2025-இல் 6 பவுண்டு. கட்டுவதற்கு அங்கே சாவடியும் கிடையாது, ஆளும் கிடையாது. கேமரா மட்டும் இருக்கும், அது வண்டி எண்ணைப் படித்துக்கொள்ளும். மறுநாள் நள்ளிரவுக்குள் நீங்களாகவே இணையத்தில் தேடிப் போய்க் கட்ட வேண்டும். மறந்தால் 80 பவுண்டு அபராதம். அம்மா அழுகிறாள், பேரன் காலைக் கட்டிக்கொண்டு விடமாட்டேன் என்கிறான். இதற்கு நடுவில் கட்டணம் கட்டுவது யாருக்கு நினைவு வரும்? வராது என்பது திட்டம் போட்டவர்களுக்கும் தெரியும்.

ஹீத்ரோவே இப்படி என்றால், லண்டன் என்ற பெயரை மட்டும் கடன் வாங்கிய நிலையங்களைக் கேட்கவே வேண்டாம். ஸ்டான்ஸ்டெட், லூட்டன், சவுத்எண்ட் எல்லாமே டிக்கெட்டில் ‘லண்டன்’. சவுத்எண்ட் ஒரு கடற்கரை ஊர். லூட்டன் தனக்கென்று ஒரு நகரம், லண்டனிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர். அந்த லூட்டனில் ரயிலை விட்டு இறங்கினால் விமான நிலையம் இன்னும் சுமார் 2 கிலோமீட்டர் தள்ளி இருக்கும். முன்பு பேருந்து ஓடியது. 2023 மார்ச்சில் ஓட்டுநர் இல்லாத ரயில் வந்தது. நான்கு நிமிடப் பயணத்துக்கு ஒரு வழிக்கு 4 பவுண்டு 90 பென்ஸ் என்று தொடங்கினார்கள். ஓட்டுநருக்குச் சம்பளம் கிடையாது, அந்த மிச்சம் பயணிக்கு வரவில்லை. இந்த விமான நிலையத்தின் சொந்தக்காரர் அந்த ஊர் நகராட்சி மன்றம்.

லண்டனை மட்டும் திட்டினால் பாரபட்சம் ஆகிவிடும். சிட்னியில் விமான நிலையத்தின் அடியிலேயே நிலையம் இருக்கிறது, நகர ரயில்தான் வருகிறது. ஆனால் அந்த நிலையத்தின் கதவைத் தாண்டுவதற்கு ரயில் கட்டணத்துக்கு மேல் 17 ஆஸ்திரேலிய டாலருக்குக் குறையாமல் தனியாக அழ வேண்டும். நிலையம் தனியார் கையில். அடுத்த நிலையமான மாஸ்கட்டுக்கு இந்தக் கட்டணத்தை 2011-இல் எடுத்துவிட்டார்கள். விவரம் தெரிந்த சிட்னிக்காரர்கள் மாஸ்கட் வரை நடந்து போய் ஏறுகிறார்கள். ஒரு நிலையம் நடந்தால் வரி போய்விடுகிறது. அப்படியென்றால் அந்த வரி எதற்கு என்று கேட்டு முடிப்பதற்குள் அடுத்த விமானம் இறங்கிவிடும்.

ஹீத்ரோவின் கொடூரத்தை உண்மையில் அனுபவிப்பவர்கள் பயணிகள் அல்ல. விமானத்துக்குள் குப்பை கூட்டுகிற, பெட்டி தூக்குகிற, சாப்பாட்டுத் தட்டு அடுக்குகிற கூட்டம் ஒன்று சவுத்ஆலிலிருந்தும் ஹவுன்ஸ்லோவிலிருந்தும் தினமும் வருகிறது. பஞ்சாபிகள், தமிழர்கள், சோமாலியர்கள். விமான நிலையத்தைச் சுற்றியுள்ள பேருந்துகளில் பல ஆண்டுகளாக இலவசமாகப் போய்வர வழி இருந்தது. விமான நிலையத்தின் பணத்தில் நடந்த ஏற்பாடு அது. 2021-இல் நிறுத்திவிட்டார்கள். காரை நிறுத்தினால் கட்டணம் என்று தொடங்கிய அதே ஆண்டு. 2005 ஆகஸ்டில் இதே ஹீத்ரோவில் விமானச் சாப்பாடு தயாரித்த கேட் கோர்மே நிறுவனம் சுமார் 670 பேரை ஒரே மூச்சில் வேலையை விட்டு அனுப்பியது. பெரும்பாலும் தெற்காசியப் பெண்கள். அவர்களுக்காக விமான நிலையத் தரைப்பணி ஊழியர்கள் வேலையை நிறுத்தியதும் தொலைக்காட்சிகள் தரையில் படுத்துக் கிடந்த பயணிகளைக் காட்டின. பாவம் பயணிகள் என்று உலகமே உச்சுக் கொட்டியது. தட்டு அடுக்கிய கைகளைப் பற்றிக் கேட்டவர்கள் குறைவு.

2024-இல் ஹீத்ரோ வழியாகப் போய்வந்தவர்கள் 8 கோடியே 39 லட்சம் பேர். போதாதாம். மூன்றாவது ஓடுபாதைக்கு 2025 ஜனவரியில் பிரிட்டன் நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் ஆதரவு சொல்லிவிட்டார். வந்தால் ஆண்டுக்கு 15 கோடி பேர் என்பது கணக்கு.

ஆகவே, அம்மா அப்பாவுக்கு டிக்கெட் போடுகிற பிள்ளைகளே, வாட்ஸப்பில் ‘பத்திரமா வாங்க’ என்று பூவும் கைகூப்பும் அனுப்புவதோடு விட்டுவிடாதீர்கள். எந்த ரயில், எந்த நிலையத்தில் இறங்க வேண்டும், அங்கே மின்தூக்கி உண்டா என்று தமிழில் எழுதிக் கையில் கொடுங்கள். பதினோரு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்குப் பெரியவர்களோடு போனால் சுரங்க ரயிலில் காசு வேண்டாம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள், பணம் வாங்குகிறவர்கள் அதைச் சொல்லித் தரமாட்டார்கள். கூட்டத்துக்குள் யாராவது நெருங்கி வந்து “டாக்ஸி? டாக்ஸி?” என்று முணுமுணுத்தால் நின்று பேச வேண்டாம் என்றும் எழுதுங்கள். அப்படி ஆள் பிடிப்பது 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பெட்டியை இறுகப் பிடித்துக்கொண்டு உரக்கத் திட்டலாம், தமிழிலேயே திட்டலாம். ஹீத்ரோவில் அதற்கு மட்டும் இன்னும் கட்டணம் வைக்கவில்லை.