போய்வரும் கரண்ட்

எங்கள் மாந்தோப்பு சித்தூரை அடுத்த காணிப்பாக்கம் பக்கம். கிணற்றுக்குள் எழுந்த அந்தப் பிள்ளையார் முன்னால் பொய்ச் சத்தியம் செய்ய எங்கள் ஊரில் யாருக்கும் தைரியம் வராது. அதனால் உண்மையையே சொல்லிவிடுகிறேன்: நான் பி.எஸ்சி. பிசிக்ஸ்.

மே மாதம், தோதாபுரி காய்கள் தண்ணீருக்கு ஏங்குகிற நேரம் பார்த்து, 700 அடி போரில் இருந்த மோட்டார் படுத்துவிட்டது. மெக்கானிக்கைக் கூப்பிடச் சொன்னார்கள். நான் திருப்பதியிலிருந்து மல்டிமீட்டரோடு போய் இறங்கினேன்.

மெயினை ஆஃப் செய்து, ஸ்டார்ட்டரில் கேபிளைக் கழற்றி, இரண்டு கோரில் மீட்டரை வைத்தேன். 7.7 ஓம். மோட்டாரோடு வந்த புத்தகத்தில் வைண்டிங் 4 ஓம் என்று இருந்தது. மிச்சம் கேபிளுடையதா? பேப்பரை எடுத்தேன். நீளம் கூடினால் ரெசிஸ்டன்ஸ் கூடும், பருமன் கூடினால் குறையும். இன்டர் படிக்கிற பையன்கூடச் சொல்வான். பக்கத்தில் அப்படி ஒரு பையன் இல்லாமல் போனான்.

700 அடி என்றால் 213 மீட்டர். கேபிள் 2.5 ஸ்கொயர் எம்எம். அந்த 2.5-ஐ விட்டம் என்று எடுத்துக்கொண்டு, பை ஆர் ஸ்கொயர் போட்டு, பரப்பு 4.9 என்று கண்டுபிடித்தேன். பரப்பைத்தான் கம்பெனிக்காரன் கேபிள் மேலேயே அச்சடித்து வைத்திருக்கிறான், படிக்கவில்லை. விடை முக்கால் ஓம். அப்போ மிச்சம் மூன்று ஓம்?

“வைண்டிங் போச்சு, மேலே எடுங்க” என்றேன். டாக்டர்கள்கூட இவ்வளவு சீக்கிரம் ஆபரேஷன் சொல்வதில்லை.

கிரேன் வந்தது. 35 பைப், ஒவ்வொன்றாகக் கழன்றது. கடைசியில் மெக்கானிக்கும் வந்தார். தரையில் கிடந்த மோட்டாரில் மீட்டரை வைத்தார்: 4.3. மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டார்: 0.3. “சார், இதை மீட்டர் ஒயரே தின்னுது. மோட்டார் கல்லு மாதிரி இருக்கு.”

என் பேப்பரை வாங்கிப் பார்த்தார். “சித்தூர்ல இருந்து திருப்பதி எழுபது கிலோமீட்டர். நீங்க இன்னிக்கு வீட்டுக்குத் திரும்பிப் போக மாட்டீங்களா சார்?”

அப்போதுதான் உறைத்தது. கரண்ட் ஒரு கோரில் இறங்கி இன்னொரு கோரில் ஏறுகிறது. 213 இல்லை, 426 மீட்டர். இந்த 2.5 காப்பர் கேபிளுக்குக் கிலோமீட்டருக்குச் சுமார் 8 ஓம், ஆக 3.4. வைண்டிங் 4, மீட்டர் ஒயர் 0.3. கூட்டினால் 7.7. கணக்கு அப்படியே உட்கார்ந்தது, மோட்டார் மட்டும் வெளியே கிடந்தது.

போயிருந்தது ஒரு பேஸின் பியூஸ். நான் மீட்டர் வைத்த இடத்துக்கு ஒரு சாண் மேலே.

கிரேன்காரரிடம் மோட்டாரை மேலே எடுக்கத்தான் வாடகை பேசியிருந்தேன். இறக்குவதற்குத் தனி ரேட்டாம்.