தாத்தா கேமராவைத் தட்டியெழுப்புவது எப்படி?

நிலம் பரம்பரையாக வந்தால் வில்லங்கம் போட்டுப் பார்க்கலாம். நகை வந்தால் உரசிப் பார்க்கலாம். கேமரா வந்தால் என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. பங்கு பிரித்த அன்று மற்றவர்கள் வேண்டாம் என்று ஒதுக்கியதால்தான் அது உங்களிடம் வந்தது என்பதையும் யாரும் சொல்ல மாட்டார்கள். அந்தக் குறையைப் போக்கவே இந்த வழிகாட்டி.

ஒன்றை மட்டும் முதலிலேயே தெளிவுபடுத்திவிட வேண்டும். இதன் நோக்கம் படம் எடுப்பதல்ல. அதற்குத்தான் சட்டைப்பையில் போன் இருக்கிறதே. படம் எடுப்பதைக் கௌரவமாகத் தள்ளிப்போட மனிதன் கண்டுபிடித்த வழிகளில் ஆகச் சிறந்தது, பழைய கேமராவைப் பழுதுபார்ப்பது.

1. கையைக் கட்டிக்கொள்ளுங்கள்

கேமரா கைக்கு வந்ததும் பின்கதவைத் திறக்கத் தோன்றும். திறக்காதீர்கள். உள்ளே பாதி எடுத்த ஃபிலிம் இருக்கலாம். அதில் உங்கள் அம்மாவின் காதுகுத்தும் இருக்கலாம். 35 மி.மீ. கேமராவாக இருந்தால் மேலே இடது ஓரத்தில் உள்ள சுற்றுக்குமிழை அம்புக்குறி காட்டும் பக்கம் மெல்லத் திருப்புங்கள். லேசாகச் சுழன்றால் உள்ளே ஒன்றுமில்லை. எதிர்த்தால் ஃபிலிம் இருக்கிறது. அடியில் உள்ள சின்னப் பட்டனை அழுத்தி விடுவித்து, ஃபிலிம் முழுவதும் டப்பாவுக்குள் திரும்பும்வரை குமிழைச் சுற்றிய பிறகே கதவைத் தொட வேண்டும்.

"கொஞ்சூண்டு திறந்து பாத்தா என்ன ஆயிடப் போவுது?" என்று பக்கத்தில் நிற்கும் மாமா கேட்பார். வெளிச்சத்துக்குக் கொஞ்சூண்டு என்ற கணக்கெல்லாம் கிடையாது. காதுகுத்தைக் காப்பாற்ற மாமாவைக் காபி குடிக்க அனுப்புங்கள்.

2. வந்திருப்பது யார் என்று பாருங்கள்

ஆக்ஃபா கிளிக் 3 என்றால் வாழ்த்துகள். ஒரு பெட்டி, ஒரு லென்ஸ், ஒரு ஸ்பிரிங் ஷட்டர், அவ்வளவுதான். கெட்டுப்போவதற்கு அதில் அதிகம் இல்லை. 120 ரோலில் சதுரமாகப் 12 படம் எடுக்கும். ஊட்டியில் அரசு ஆலையான ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 'இந்து' என்ற பெயரில் கருப்பு வெள்ளை ஃபிலிம் செய்துகொண்டிருந்த காலத்து வீட்டுக் கேமரா அது. ஆலை மூடிவிட்டது, கிளிக் 3 இன்னும் 'கிளிக்' என்கிறது. ஆனால் பழுதுபார்ப்பதற்கு இது லாயக்கில்லை. ஒரே ஞாயிற்றுக்கிழமையில் சரியாகிவிடும், திங்கட்கிழமை படம் எடுக்க வேண்டிய நெருக்கடி வந்துவிடும்.

உங்களுக்குத் தேவை யாஷிகா எலக்ட்ரோ 35. 1966-இல் வெளிவந்த ஜப்பானிய ரேஞ்ச்ஃபைண்டர். 45 மி.மீ., எஃப் 1.7 லென்ஸ். அப்பர்ச்சரை நீங்கள் வைத்தால், ஷட்டர் வேகத்தை அதுவே முடிவுசெய்துகொள்ளும். சிங்கப்பூர் சித்தப்பா யாராவது கொண்டுவந்து கொடுத்திருப்பார். நிம்மதியாக மாதக்கணக்கில் பழுதுபார்க்க ஏற்றது.

3. எண்ணெய்ப் புட்டியை ஒளித்துவையுங்கள்

"ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விட்டா சரியாப் போயிடும்" என்று சொல்பவர் எல்லாத் தெருவிலும் ஒருவர் இருக்கிறார். லென்ஸுக்குள் இருக்கும் ஷட்டர் இதழ்கள் எண்ணெயே இல்லாமல் ஓட வேண்டியவை. அவை ஒட்டிக்கொள்வதே பழைய எண்ணெய் கசிந்து பரவுவதால்தான். அவர் விடும் சொட்டு அந்த ஷட்டருக்கு ஊற்றும் கடைசிப் பால்.

திருப்புளியிலும் கவனம் தேவை. ஜப்பானியக் கேமராக்களில் இருப்பது அந்நாட்டு அளவுமுறையில் செய்த நட்சத்திரத் திருகாணி. நம் கடைகளில் கிடைக்கும் சாதாரண நட்சத்திரத் திருப்புளி பார்வைக்குப் பொருந்தும், திருப்பும்போது தலையைத் தின்றுவிடும். சரியான திருப்புளியைத் தேடி வரவழையுங்கள். அது வந்துசேரும்வரை வேலையை நிறுத்திவைப்பதற்கு இதைவிட நல்ல காரணம் கிடைக்காது.

4. பூஞ்சையைச் சந்தியுங்கள்

லென்ஸின் ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கமிருந்து பாருங்கள். கண்ணாடியில் வெள்ளை வேர்கள் படர்ந்திருந்தால் அதுதான் பூஞ்சை. கேமராவைப் பத்திரமாக வைக்க வேண்டும் என்று தோலுறையில் போட்டு, பட்டன் மாட்டி, பீரோவில் வைத்தார்களே, அந்தப் பத்திரம்தான் இதை வளர்த்தது. தோல் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். பக்கத்திலேயே போட்ட பாச்சை உருண்டையின் ஆவியும் லென்ஸுக்கு ஆகாது. அரிசி டப்பாவில் புதைக்கலாமா என்று கேட்காதீர்கள். அரிசித் தவிடு லென்ஸுக்குள் போகும், மற்றபடி பயனில்லை. மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள்.

முன்கண்ணாடியில் மட்டும் பூஞ்சை இருந்தால் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட மெல்லிய துணி போதும். கண்ணாடிகளுக்கு நடுவே இருந்தால் லென்ஸைப் பிரிக்க வேண்டும். பூஞ்சை விடும் அமிலம் கண்ணாடியின் பூச்சை அரித்திருந்தால் துடைத்தாலும் தழும்பு போகாது. அந்தத் தழும்பால் படத்தில் ஒளி கொஞ்சம் கலங்கித் தெரியும். அதற்கு 'பழைய கால அழகு' என்று பெயர் வைத்து, அதற்கும் பணம் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

5. 'டக்' சத்தத்துக்குக் காது கொடுங்கள்

பின்கதவு ஓரத்தில் வெளிச்சம் புகாமலிருக்க வைத்த ஸ்பாஞ்ச், இத்தனை ஆண்டுகளில் கருப்புப் பிசினாகியிருக்கும். விரலில் ஒட்டும், வேட்டியில் ஒட்டும், போகாது. ஆல்கஹாலில் சுரண்டி எடுத்துவிட்டு, காடியில் கருப்புக் கம்பளி நூலைப் பதித்தால் வேலை முடிந்தது. இது சுலபமான வேலை என்பதால் யாரிடமும் சொல்லாதீர்கள்.

எலக்ட்ரோவுக்கென்று தனியாக ஒரு வியாதி உண்டு. உள்ளே ஷட்டர் கம்பி வந்து இடிக்கும் இடத்தில் துளியூண்டு ரப்பர்த் துண்டு ஒன்று இருக்கிறது. லீவரை இழுக்கும்போது 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டால் ரப்பர் உயிரோடு இருக்கிறது. கேட்காவிட்டால் அது பொடிந்துபோய்விட்டது, ஷட்டர் வேகமும் தாறுமாறாகும். அந்த ஒரு துண்டை மாற்ற மேல்மூடியைக் கழற்றி, ஒயர்களைப் பற்றவைப்பிலிருந்து பிரித்து, லென்ஸையும் அசைக்க வேண்டியிருக்கும். குறைந்தது இரண்டு தீபாவளிக்குத் தாங்கும் வேலை.

6. பேட்டரி என்ற புராணம்

எலக்ட்ரோவுக்கு வேண்டியது 5.6 வோல்ட் பாதரச பேட்டரி. பாதரசம் நஞ்சு என்பதால் அது சந்தையிலிருந்தே போய்விட்டது. 6 வோல்ட் 4எல்ஆர்44 பேட்டரியைப் போட்டு, மிச்ச இடத்தை அட்டைச் சுருளாலும் ஸ்பிரிங்காலும் நிரப்பினால் கேமரா ஏற்றுக்கொள்ளும். பேட்டரியே இல்லாவிட்டாலும் படம் எடுக்கும், ஆனால் நொடியில் 500-இல் ஒரு பங்கு என்ற ஒரே வேகத்தில்தான்.

1.35 வோல்ட் கேட்கும் மற்ற கேமராக்களுக்குக் காது மெஷினில் போடும் 675 பேட்டரி ஏறக்குறையச் சரிவரும். அதைக் கடையில் வாங்குங்கள். பாட்டியின் காதிலிருந்து எடுக்க வேண்டாம்.

7. 'அதுவரைக்கும்' ஒன்று வாங்குங்கள்

இதற்குள் உங்கள் கேமரா, பழுதுபார்க்கும் கிழவர் ஒருவரின் மேசையில் 47 பாகங்களாகக் கிடக்கும். அது திரும்பி வரும்வரை கையில் ஒன்று வேண்டாமா? மலிவான ரேஞ்ச்ஃபைண்டர் தேடும் படலம் இங்கே தொடங்குகிறது.

எல்லாத் தேடலும் லைக்காவில் ஆரம்பித்து, விலையைப் பார்த்ததும் கீழே இறங்கும். 1954-இல் வந்த எம் 3, லென்ஸோடு சேர்த்தால் லட்சத்தைத் தாண்டும். அடுத்த படி, சோவியத் கேமராக்கள். கார்கிவ் அருகே ஆதரவற்ற சிறுவர்களுக்காகக் கல்வியாளர் மகரென்கோ நடத்திய கம்யூனில் 1934 முதல் லைக்காவைப் பார்த்து அப்படியே செய்த ஃபெட், அதன் தம்பியாகப் பிறந்த ஜோர்கி. ஜோர்கி 4-இல் ஃபிலிமை நகர்த்தும் குமிழைச் சுற்றிய பிறகுதான் ஷட்டர் வேகத்தை மாற்ற வேண்டும். மறந்தால் உள்ளே ஏதாவது உடையும், நீங்கள் மறுபடி 3-ஆம் படிக்குப் போவீர்கள். தங்க முலாம் பூசி, கழுகுச் சின்னம் அடித்து, 'ஜெர்மன் விமானப்படை லைக்கா' என்று மலிவாக வந்தால் அது வேடம் போட்ட ஃபெட். வேடத்துக்கும் சேர்த்துப் பணம் கொடுக்காதீர்கள்.

ஜப்பானியக் கேமராவே வேண்டுமென்றால் கேனனெட் கியூஎல் 17 இருக்கிறது. அதில் ஒளிமானி லென்ஸ் வளையத்துக்குள்ளேயே இருக்கிறது. லென்ஸ் மூடியைக் கழற்ற மறந்தால், ஆட்டோ முறையில் ஷட்டர் அசையாது. எலக்ட்ரோவில் ஒளிமானியின் கண் உடம்பில் தனியாக இருப்பதால், மூடியோடு 36 படமும் எடுத்து முடிக்க அது அன்போடு அனுமதிக்கும். ரேஞ்ச்ஃபைண்டரில் நீங்கள் பார்ப்பது லென்ஸ் வழியாக அல்ல என்பது இப்படித்தான் புரியும்.

மலிவு என்பது கேவலமல்ல. 1962-இல் ஜான் க்ளென் பூமியைச் சுற்றியபோது கொண்டுபோன கேமராக்களில் ஒன்று, ஃபுளோரிடாவில் ஒரு மருந்துக்கடையில் சுமார் 40 டாலருக்கு அவர் வாங்கிய அன்ஸ்கோ ஆட்டோசெட். மினோல்டா செய்தது. வீட்டில் விலை கேட்டால் இந்தக் கதையைச் சொல்லுங்கள். டாலரை ரூபாயாக்கிச் சொல்ல வேண்டாம்.

8. தவிர்க்க முடியாதபோது, படம் எடுங்கள்

எத்தனை தள்ளிப்போட்டாலும் ஒருநாள் கேமரா சரியாகி வந்துவிடும். ஃப்ரிட்ஜில் மாவுப் பாத்திரத்துக்குப் பின்னால் இருக்கும் ரோலை எடுத்து, அறைச் சூட்டுக்கு வந்த பிறகு மாட்டுங்கள். முதல் 33 படங்கள் எல்லோருக்கும் ஒன்றுதான்: மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி, காய்ந்துகொண்டிருக்கும் துணி, எதிர்வீட்டுப் பூனை, பழுதுபார்க்கும் மேசை.

அப்போது அம்மா வந்து கேட்பாள்.

"ரோல்ல எத்தனை மிச்சம் இருக்கு?"

"மூணும்மா."

"அப்போ என்னை ஒண்ணு எடுடா. பென்ஷன் ஆபீசுக்கு பாஸ்போர்ட் சைஸ் கேக்குறாங்க."

மறுப்பு சொல்லாமல் எடுங்கள். பின்னால் வெள்ளை வேட்டியைக் கட்டி, ஜன்னல் வெளிச்சத்தில் உட்காரவைத்து, பார்வைத் துளையின் மஞ்சள் கட்டத்துக்குள் இரண்டாகத் தெரியும் மூக்குத்தி ஒன்றாகும்வரை லென்ஸைத் திருப்புங்கள். முகம் பெரிதாக வரட்டும் என்று ரொம்பக் கிட்டே போக வேண்டாம். எலக்ட்ரோவுக்கு 80 செ.மீ. தள்ளியிருந்தால்தான் கண் தெரியும்.