மடிநோய் காத்த வள்ளல்

கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி எய்த ஓர் அம்பு, யானை, புலி, மான், பன்றி என்று வரிசையாகச் சாய்த்துவிட்டுக் கடைசியில் புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைத்தது என்பது புறநானூறு அறிந்த சேதி. அந்த வீரம் இந்தச் சீமையை விட்டு இன்னும் போகவில்லை. பரமத்தி வேலூர் வட்டாரத்தில் எங்கள் கறவைப் பெருந்தகை, விடியற்காலையில் தோளில் கிடக்கும் ஒரே துண்டால் ஐந்து மாடுகளின் இருபது காம்புகளையும் துடைத்தருள்கிறார். முதல் மாட்டின் மடியில் குடியிருக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் கிருமி, ஐந்தாவது மாடு வரைக்கும் குறி தப்பாமல் போய்ச் சேர்கிறது. ஓரிக்காவது வில் ஒன்று தேவைப்பட்டது.

நோய் கண்ட மாட்டைக் கடைசியில் கறக்க வேண்டுமாம். யாரோ படித்தவர்கள் சொன்னது. சமத்துவம் தழைத்த அந்தக் கட்டுத்தரையில் அப்படியொரு தீண்டாமைக்கு இடமில்லை. அவள்தான் முதலில் நிற்கிறாள். அவளுக்கே முதல் மரியாதை.

நாமக்கல்லில் 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம் என்பதாலேயே பெருந்தகை அங்கே போனதில்லை. அவ்வளவு பக்கத்தில் இருப்பவர்களைத் தொந்தரவு செய்யலாமா? கறந்து முடித்த பின்னும் அரைமணி நேரமாவது காம்பின் துவாரம் மூடாமல் இருக்கும், அதுவரை மாடு படுக்காதபடி தீவனத்துக்குத் தட்டைப் போட்டு நிறுத்துங்கள், காம்பை அயோடின் கரைசலில் முக்கியெடுங்கள் என்று மருத்துவர்கள் சொல்வதைக் கேட்டு அவர் புன்னகை பூத்தார். விருந்தோம்பலில் ஊறிய குலம் அவருடையது. வாசல் திறந்திருக்கையில் சாணத்திலிருந்து ஈ.கோலி எழுந்து வருகிறது. அதன் முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்துவதா? தட்டைக் கறக்கும்போதே போட்டுத் தீர்த்துவிட்டபடியால், கறந்த கையோடு மாடும் மூத்திரம் தேங்கிய குழியில் சுகமாகப் படுத்துக்கொள்கிறது.

பிறர் குறையை மறைப்பது சான்றோர் இயல்பு. 1957இல் கலிபோர்னியாவில் இந்த நாகரிகம் தெரியாத சிலர் ஒரு சோதனையைக் கண்டுபிடித்துத் தொலைத்தார்கள். நான்கு குழியுள்ள தட்டில் நான்கு காம்புப் பாலையும் தனித்தனியே பீச்சி, ஒரு கரைசலை ஊற்றிச் சுழற்றினால், வெளியே வீக்கமே தெரியாத நோய்கூடக் கூழாகத் திரண்டு தன்னைக் காட்டிக்கொண்டுவிடுமாம். பால் குறைவதற்கு உண்மைக் காரணம் தெரிந்துவிட்டால் பக்கத்து வீட்டுக் கண்ணேறுக்கு என்ன மதிப்பு? ஐரோப்பாவில் பச்சைப் பாலில் மில்லிக்குச் சராசரி நான்கு லட்சம் செல்லுக்கு மேல் போகக்கூடாது என்று சட்டமே போட்டு மாட்டின் அந்தரங்கத்தில் மூக்கை நுழைக்கிறார்கள். நம் பக்கத்துக் கொள்முதல் கண்ணியமானது. கொழுப்பையும் இதரச் சத்தையும் குசலம் விசாரித்து அனுப்பிவிடும்.

இனி வைத்தியத்துக்கு வருவோம். பெருந்தகையின் கருணை முழு வடிவில் வெளிப்படும் இடம் இதுதான். மடி கல்லாகி, பால் திரிதிரியாக வரும்போதுதான் அவர் கண் திறக்கிறார். மொபெட்டில் பையோடு வரும் ஊசிக்கார வித்துவான் வரவழைக்கப்படுகிறார். எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று பாலை ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்க்கும் சந்தேகப் பிராணியல்ல வித்துவான். பையில் முதலில் கைக்குச் சிக்குவதே தெய்வ சித்தம். ஐந்து நாள் மருந்தை இரண்டாம் நாளே நிறுத்திவிடுகிறார்கள். வீக்கம் வடிந்துவிட்டதே! மடித் திசுவுக்குள் பதுங்கிய கிருமிக்கும் உயிர்தானே, அதையும் முற்றாக ஒழிப்பது வள்ளன்மைக்கு இழுக்கு. பாதி அடிபட்டுப் பிழைத்தது அந்த மருந்தின் குணமறிந்து, அடுத்த ஈற்றில் இன்னும் தேர்ச்சியோடு திரும்பி வருகிறது. ஒரு நுண்ணுயிருக்கு இத்தனை சிரத்தையாகக் கல்வி புகட்டிய வேறொரு சமூகத்தை நான் அறியேன். பால் வற்றும் காலத்தில் மடிக்குள் மருந்தேற்றி வைக்கலாமே என்று ஒருவர் கேட்டார். கறக்காத மாட்டுக்குச் செலவா என்று பெருந்தகை கேட்ட கேள்வியில் பொருளாதாரம் முழுவதும் அடங்கியிருந்தது.

சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்து, மடியைக் கழுவிக் கழுவி நாளைக்குப் பத்து முறை, ஐந்து நாள் பூசலாம் என்று தஞ்சைப் பக்கத்துப் பேராசிரியர் புண்ணியமூர்த்தி மரபு வைத்தியத்தைத் திரட்டிச் சொன்னார். தேசியப் பால்வள வாரியமும் அதை எடுத்துப் பரப்பிற்று. கொடிக்கால் வெற்றிலைக்குப் பேர்போன எங்கள் ஊரில், சுண்ணாம்பு இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கற்றாழை வேலியோரம் கிடக்கிறது. காசு கேட்காத பொருளை மருந்தென்று ஒப்புக்கொள்ளும் அளவுக்குப் பெருந்தகை தாழ்ந்துவிடவில்லை.

ஊசி போட்ட பாலை, மருந்தைப் பொறுத்து மூன்று நாளோ நான்கு நாளோ கேனில் ஊற்றக்கூடாது என்று அட்டையில் அச்சடித்திருக்கிறார்கள். பொடி எழுத்து, வள்ளலின் பார்வையோ தொலைநோக்கு. அன்று மாலையே ஊற்றிவிடுகிறார். டவுனில் பால் குடிக்கும் பிள்ளைகளுக்கெல்லாம் சீட்டு இல்லாமல், கட்டணம் இல்லாமல் ஆன்டிபயாடிக் போய்ச் சேர்கிறது. வீடுகளில் தயிர் உறையாமல் நிற்கும்போது பெண்கள் உறைமோரைத்தான் குறை சொல்கிறார்கள். கொடுத்தவர் பெயர் வெளியே வராத கொடை!

ஒரு காம்பு அடைத்து, மூன்று காம்பு மாடாகிவிட்ட பிறகு, அந்த முதல் மாட்டைப் பெருந்தகை புதன்சந்தைக்கு ஓட்டிப் போனார். அங்கே இன்னொரு வள்ளல், முந்தின நாள் மாலையிலிருந்து கறக்காமல் மடி புடைக்க நிறுத்தி வைத்த ஜெர்சியோடு வந்திருந்தார். இருவரும் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசினார்கள். பரஸ்பர மரியாதை கருதி, காம்பைப் பீச்சிக் காட்டச் சொல்லி ஒருவரையொருவர் கேட்கவில்லை.