நாலாம் சீடும் எங்களூர்ச் சனியும்

ஜெர்மன்காரர் எதையும் அரைகுறையாகச் செய்வதில்லை. போரிஸ் பெக்கர் 17 வயதில் விம்பிள்டன் வென்றார். மொத்தம் ஆறு கிராண்ட் ஸ்லாம், எக்கச்சக்கமான காசு, 2017-ல் திவால், 2022-ல் இங்கிலாந்தில் ஜெயில். நம்ம டென்னிஸ்காரர் ராமநாதன் கிருஷ்ணன் வேறு ரகம்.

பெக்கரின் சர்வீஸ் எங்களூர்ப் பொழிச்சலூர் மொட்டைமாடிக்கு மேலே போகிற விமானம் மாதிரி. துணி காயப்போட வந்தவர்கூடக் குனிவார். கிருஷ்ணனின் சர்வீஸுக்கு எதிராளி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு சாவகாசமாக மட்டையைத் தூக்கலாம். அப்படித் தூக்கியவர்கள்தான் மாட்டினார்கள். 1954 ஜூனியர் விம்பிள்டன் இறுதியில் ஆஷ்லி கூப்பர். 1961 விம்பிள்டன் காலிறுதியில் ராய் எமர்சன், அதுவும் நேர் செட்களில்.

அரையிறுதி வந்தால் மட்டும் நம்மாளுக்கு விருந்தோம்பல் பொங்கிவிடும். 1960-ல் நீல் ஃப்ரேசர், 1961-ல் ராட் லேவர்: இரண்டு தடவையும் கோப்பையைத் தூக்கப்போகிறவரிடமே பார்த்துத் தோற்றார். 1962-ல் நாலாம் சீட்; கூடவே சனியும். எங்களூர் அகத்தீஸ்வரர் கோயிலுக்கு வடதிருநள்ளாறு என்று பெயர். சனிக்கிழமை எள் தீபப் புகையில் பக்கத்தில் நிற்கிற மாமியாரே தெரியமாட்டார். யாராவது கிருஷ்ணனை ஒரு நடை இங்கே கூட்டிவந்திருக்கலாம். கணுக்கால் மடங்கி, பாதியிலேயே விலகினார்.

அதற்கு முன்னால் 1959-ல் ஜாக் கிராமர், தம் தொழில்முறைக் குழுவுக்கு வந்தால் மூன்று வருஷத்துக்கு ஒன்றரை லட்சம் டாலர் என்றார். டாலர் நாலே முக்கால் ரூபாய் விற்ற காலம். ஏழு லட்சத்துக்குப் பொழிச்சலூரையும் கொசுறாகப் பம்மலையும் கிரயம் பண்ணியிருக்கலாம். ஆனால் கிராமரோடு போனால் விம்பிள்டனும் கிடையாது, டேவிஸ் கோப்பையும் கிடையாது. மனுஷன் வேண்டாம் என்றுவிட்டார்.

டேவிஸ் கோப்பை அந்தக் கடனை 1966-ல் கல்கத்தாவில் திருப்பித் தந்தது. பிரேசிலோடு 2-2, கடைசி ஆட்டம். தோமாஸ் கோக் இரண்டுக்கு ஒன்று செட் முன்னிலை, நாலாவதில் 5-2. பெட்டி கட்டாததுதான் பாக்கி. அப்போதுதான் கிருஷ்ணனுக்குத் தூக்கம் கலைந்தது: 7-5, 6-2. இந்தியா முதல்முறையாக இறுதிக்குப் போய், ஆஸ்திரேலியாவிடம் 4-1 என்று தோற்றது. அந்த ஒன்றும் ஜெய்தீப் முகர்ஜியோடு சேர்ந்து இரட்டையரில் இவர் எடுத்தது.

ஆடி முடித்தபின் சென்னையில் கேஸ் ஏஜென்சி நடத்தினார். மகன் ரமேஷுக்கும் அதே சர்வீஸ்தான் சீதனம். 1979-ல் அவரும் ஜூனியர் விம்பிள்டன் வென்றார். 1989-ல் ஆஸ்திரேலிய ஓப்பனில், அப்போதைய உலக நம்பர் ஒன் மாட்ஸ் விலாண்டர் அதே சர்வீஸிடம் தோற்று ஊருக்குப் போனார்.