இருண்ட திரையும் தோட்டத்து அதிகாரமும்

ரப்பர் மரங்கள் சாய்ந்து செம்பனை எழுந்து, பெரட்டு எனும் காலை ஆள்கணக்கும் கணினிக்குள் குடிபுகுந்துவிட்ட கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில், காரியாலய மேசைமேல் வீற்றிருக்கும் மானிட்டர் ஒருநாள் காலை ‘சிக்னல் இல்லை’ என்று அறிவித்து இருண்டுபோகுமாயின், துரைமார் காலத்து அதிகார வரிசை முழுவதும் அக்கணமே புனர்ஜன்மம் எடுப்பதைத் தரிசிக்கலாம். மானேஜர் கிராணியைப் பார்ப்பார். கிராணி ஆபீஸ் பையனைப் பார்ப்பார். அவனோ, “ராத்திரி இடி இடிச்சிச்சிங்கய்யா, மானிட்டர் செத்துப் போச்சு” என்று மரண சாசனம் எழுதிவிடுவான். சிலாங்கூரில் இடிக்குப் பஞ்சமில்லையாதலால் அதை ஆட்சேபிப்பாரும் இல்லை.

கணினிப் பெட்டியின் பின்புறம் குனிந்து நோக்குவது தம் பதவிக்கு இழுக்கென்று எவரும் கருதாதிருந்தால், தனி கிராபிக்ஸ் கார்டு பொருத்திய அக்கணினியில், எச்டிஎம்ஐ கேபிள் கார்டின் துவாரத்தில் இல்லாமல், யுஎஸ்பி துவாரங்களை அடுத்துள்ள மதர்போர்டுத் துவாரத்தில் சௌக்கியமாகச் செருகப்பட்டிருப்பது புலப்பட்டிருக்கும். கேபிள் 1987-இல் பிறந்த விஜிஏ வம்சமாயின், மூன்று வரிசையாக நிற்கும் ஊசிகளில் ஒன்று வளைந்திருக்கக்கூடும். அதுவும் இல்லையெனில், மானிட்டரின் ‘இன்புட்’ தேர்வு கேபிளே இல்லாத வேறொரு துவாரத்தை நோக்கித் தவமிருக்கும். அருகிலுள்ள கம்போங் குவாந்தானில் ஆயிரக்கணக்கான மின்மினிகள் கேபிளே இன்றி ஒரே தாளத்தில் ஒளிர்வது, அவற்றுக்குள் மானேஜர் என்றொரு உத்தியோகம் இல்லாததனால்தானோ என்னவோ!

ஆகையால் அன்பர்களே, புது மானிட்டருக்கு விலை விசாரிக்குமுன் சற்றே குனியுங்கள்; அந்தச் சிரமத்துக்கு ஒரு வெள்ளியும் செலவில்லை.