உறைகலனில் ஒரு சித்தாந்தம்

எதிர்கால மருத்துவம் உயிர்ப்பிக்கும் என்ற நம்பிக்கையில் இறந்த உடலை மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் காக்கும் கிரையோனிக்ஸ் முறையை நாடும் அமெரிக்கர்களிடையே, அரசு எதிலும் தலையிடலாகாது என்னும் லிபர்டேரியன்கள் கணிசமாக உண்டு. ஆயினும், சட்டப்படி இறந்துவிட்டதாக அறிவிக்கப்படும்வரை அரிசோனாவின் ஆல்கோர் என்னும் கிரையோனிக்ஸ் நிறுவனம் அவர்கள்மீது கைவைக்க இயலாது. பிறகும் உடல்தானச் சட்டத்தின் தயவில்தான் கலனுக்குள் புகவேண்டும். அங்கே, நைட்ரஜன் குறைந்தாலும் தலை கடைசியில் உருகட்டும் என்று தலைகீழாக நிறுத்தப்பட்டு, கலனுக்கு நால்வராகப் பொதுவுடைமை வாழ்வு (வாழ்வு என்பது உபசார வழக்கு) நடத்துகிறார்கள். அவர்கள் நம்பும் சந்தையின் கருணைக்குச் சான்று கலிபோர்னியாவின் சாட்ஸ்வொர்த்: பணம் வற்றியதால் அங்கே உறையவைத்துக் காக்கப்பட்ட உடல்கள் உருகி அழுகியது 1979இல் அம்பலமாயிற்று. 1967இல் உறைந்த ஜேம்ஸ் பெட்ஃபோர்டு தொடங்கி இன்றுவரை எவரும் எழுந்துவந்து வாக்களித்ததில்லை.